கொமாண்டரின் கடைசி ட்ரைவர்

நடக்க ஏலாதவர்களை ஏற்றும் சக்கர நாற்காலி வான் ஓட்டுகிறவனுக்கு வீதி தெரிந்தால் மட்டும் போதாது. பின்னால் இருக்கிறவரின் முதுகுவலி, சலரோகம், மருமகளோடு உள்ள மனஸ்தாபம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் நான் பார்த்த வேலை அதுதான். நீங்களும் பனி உருக உப்புப் போடாத வீதியில் வண்டி ஓட்டி, உங்கள் பிழை இல்லாத பிந்தலுக்கு ஏச்சு வாங்கியவராக இருந்தால் என் பாடு சொல்லாமலே விளங்கும். ஆனால் நான் அழுது வடிக்க வரவில்லை. கொஞ்சம் பெருமையடிக்க வந்திருக்கிறேன்.

ஒருவரும் ஏற்றாத ஆள்

ஹெல்முட் என்று ஒரு ஜெர்மன்காரர். வயது எண்பதை நெருங்கிவிட்டது, கால் இரண்டும் வழங்காது. ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மெண்டில் தனியாக இருந்தார். மனைவி இல்சா ஞாபகம் மங்கி, ஒஷாவா நகரில் ஒரு நேர்சிங் ஹோமில் இருந்தார். கிழமையில் சில நாட்கள் இவர் அங்கே போய் மனைவிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வருவார். பிள்ளைகள் இல்லை. எங்கள் வான் வராவிட்டால் அவருக்குப் போக வேறு வழியும் இல்லை.

பிரச்சினை என்னவென்றால், வான் வெளிக்கிட்ட நேரம் தொட்டு நிற்கும்வரை மனுஷர் கத்திக்கொண்டே இருப்பார். “இடது! மெல்ல! நில்!” என்று. ட்ரைவர்மார் ஒருவர் மாறி ஒருவர் முறையிட்டு, இனி ஒரு ட்ரைவர் மறுத்தாலும் அவருக்கு வான் இல்லை என்று எங்கள் வான் கொம்பனிக் கந்தோரில் முடிவாகிவிட்டது. கடைசியில் அவரை என் தலையில் கட்டினார்கள். எனக்கு முதல் அவரை ஏற்றியவன் மன்னார் பேர்னாட். வான் திறப்பை என் கையில் தந்தபோது அவன் சொன்னான்:

“மச்சான், காதுக்குப் பஞ்சு வைச்சுக்கொண்டு போ. அந்தாள் பின்னால இருந்துகொண்டு என்னைக் கிளச்சை மிதிக்கச் சொல்லுது. என்ரை வான் ஓட்டோமற்றிக்!”

வெங்காய லொறி கைகொடுத்தது

முதல் நாள் அவரை ஏற்றி, நாற்காலியை நாலு பட்டியாலும் தரையோடு இறுக்கிவிட்டு ஓடத் தொடங்கினேன். சக்கர நாற்காலியில் இருக்கிறவர் எங்கள் வானில் ட்ரைவரை விட உயரத்தில் இருப்பார். என் தலைக்கு மேலால் அவருக்கு முழு வீதியும் தெரியும். “வலது! முன்னுக்கு லொறி! மெல்ல!” என்றார். மற்ற ட்ரைவர்மாரைப் போல நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருக்க இருக்க அவருடைய சத்தம் கூடியது. 401 நெடுஞ்சாலையில் ஏறுகிற இடத்தில் கைத்தடியால் என் சீற்றின் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

அந்த அடியில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. நான் ஊரில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வெங்காய லொறி ஓடியவன். லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று, “வா, வா, வலது ஒடி” என்று கத்துவான். ஒவ்வொன்றுக்கும் ட்ரைவர் “ஓம்” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எஞ்சின் இரைச்சலில் ட்ரைவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அவன் ஊரையே கூட்டிவிடுவான். அடுத்த தடவை ஹெல்முட் “மெல்ல!” என்றபோது நான் உரத்து, “மெல்ல, ஓம்!” என்றேன். அவருக்குத் தமிழ் ‘ஓம்’ விளங்கியிருக்காது, ஆனால் மறுமொழி விளங்கியது. குரல் பாதியாக இறங்கியது. அஜக்ஸ் நகரைத் தாண்டும்போது பக்கத்தில் இருந்து கதைக்கிறவர் மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தார். மற்றவர்களால் ஏலாததை வெங்காய லொறி ஓடியவன் செய்துவிட்டான் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒஷாவாவில் இறக்கிவிடும்போது அவர் சொன்னது இது. அவருடைய ஜெர்மன் இங்கிலிசை எங்கள் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்:

“கடைசியா, காது உள்ள ஒரு ட்ரைவர்!”

அன்ரியின் சந்தேகம்

சில நாட்களில் இரண்டு பேரைச் சேர்த்து ஏற்றச் சொல்வார்கள். அப்படி ஒருநாள் முழங்கால் ஒப்பரேஷன் செய்த பரமேஸ்வரி அன்ரியையும் ஏற்றினேன். பிள்ளைகளோடு அஜக்ஸில் இருந்தவ, ஸ்காபரோவில் டொக்டரிடம் வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தா. ஹெல்முட் பின்னால் இருந்து “இடது லேன்” என்பார், நான் “இடது லேன், ஓம்” என்பேன். “தூரத்தை விடு” என்பார், நான் “விட்டாச்சு” என்பேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

அன்ரி அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. ஹாண்ட்பாக்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டா. நான் பவ்வியமாக ஒவ்வொன்றுக்கும் ஓம் போடுவதை அவவால் தாங்க முடியவில்லை. வீட்டு வாசலில் இறக்கும்போது என் காதுக்குக் கிட்டக் குனிந்து கேட்டா:

“தம்பி, வெள்ளைக்காரியையே கலியாணம் முடிச்சிருக்கிறீர்? உவர் உம்மட மாமனார்தானே?”

அவருடைய உத்தியோகம்

மாமனார் இல்லை, டாங்கிக் கொமாண்டர். கொஞ்ச நாளில் அவரே சொன்னார். இருபது வயதில் ஜெர்மன் படையில் சேர்ந்து, முதலில் டாங்கிக்குள் குண்டு எடுத்துக் கொடுக்கிறவராக இருந்து, பிறகு சுடுகிறவராகி, ரஷ்யாவுக்குப் போனபோது கொமாண்டர் ஆகியிருந்தார். ஒரு இரும்புப் பெட்டிக்குள் ஐந்து பேர். ட்ரைவர் கீழே, ஒரு சின்னக் கீறல் வழியாகத்தான் வெளியைப் பார்ப்பான். அவனுக்கு மண்ணும் புகையும்தான் தெரியும். கொமாண்டர் மேலே மூடியைத் திறந்து தலையை வெளியே வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். காதில் மாட்டிய கருவியில் ட்ரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவருடைய டாங்கியில் அது சட்டம்.

சேற்றில் புதைந்தது, ஆற்றுப் பாலம் உடைந்தது, எரிகிற டாங்கியில் இருந்து குதித்தது எல்லாம் பெருமையாகவே சொல்லுவார். கடைசியில் பிரிட்டிஷ்காரரிடம் பிடிபட்டு, விடுபட்டு, கனடாவுக்கு வந்து ஒஷாவாவில் கார் தொழிற்சாலையில் பெயின்ற் அடித்திருக்கிறார். பெரிய மனுஷன் ஒருவனை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று எனக்கும் ஒரு நடப்பு, ஒரு பெருமை வந்துவிட்டது. “தலையை வெளியில வைக்கப் பயமில்லையோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தலையை உள்ளுக்கு இழுத்தவனுக்கு ஒண்டும் தெரியாது. வெளியில வைச்சவனுக்குத் தலை இருக்காது. எது நல்லது எண்டு நீரே சொல்லும்!”

மதில்

அந்த நடப்பு ஒருநாள் இறங்கியது. ஒரு கிராமத்துக்குள் எப்படிக் குறுக்கு வழி எடுத்து எதிரியை மடக்கினார் என்று சொல்லிக்கொண்டு வந்தார். “தெருவாலை போனால் சுடுவாங்கள். அதால டாங்கியை வீடுகளுக்குள்ளாலை விட்டம்” என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஊரில் யுத்தம் நடந்தபோது எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள்ளும் இராணுவத்தின் ஒரு கவச வாகனம் அப்படித்தான் வந்தது. எங்கள் மதிலை இடித்து, கிணற்றடியை இடித்து, பக்கத்து வீட்டுக் குசினிக்குள்ளால் போனது. நான் மனைவியோடும் பிள்ளையோடும் நிலத்தில் வெட்டிய பங்கருக்குள் குந்திக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

அன்றைக்கு அவர் சொன்ன எதற்கும் நான் ஓம் போடவில்லை. அவர் கத்தினார். பிறகு, ஏன் மறுமொழி இல்லை என்று கேட்டார். நான் வானை ஓரமாக நிறுத்திவிட்டு, திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். “அந்தப் பெட்டிக்குள்ளை உங்களை மாதிரி ஒருத்தர்தான் இருந்தவர்” என்றேன். அவர் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. நான் ஒஷாவாவுக்கு வானை எடுத்தேன். வானின் லிப்ற்றில் இறங்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“மேலே இருந்து எனக்குக் கூரைதான் தெரிஞ்சது, ட்ரைவர். கூரைக்குக் கீழே ஆர் இருந்தவை எண்டு நான் ஒருநாளும் பார்க்கேல்லை. பார்த்திருக்கவேணும்.”

ஓட்டோ

அதற்குப் பிறகு அவர் வீரக் கதை சொல்வதைக் குறைத்துக்கொண்டார். நானும் ஓம் போடத் தொடங்கினேன். கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் வானில் ஏறியவர் என் பொறுப்பு. அதில் நான் கண்டிப்பு.

ஒரு நாள் மழைக்குள் 401இல் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் அவருடைய டாங்கி ட்ரைவர் ஓட்டோ என்பவனைப் பற்றிச் சொன்னார். யுத்தம் முடிகிற காலம். டாங்கியில் முன்பக்கம் குண்டு பட்டது. புகை. இவர் மேலே இருந்து “பின்னுக்கு எடு” என்று சொன்னார். மறுமொழி இல்லை. காதுக் கருவி பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்து, இன்னும் உரத்துக் கத்தினார். ஓட்டோ எப்போதும் திருப்பிச் சொல்கிற பெடியன். குரல் அடைக்கும்வரை கத்திய பிறகுதான், கீழே மறுமொழி சொல்ல ஆள் இல்லை என்று விளங்கியது. நான் முன்வாகனத்துக்கு இன்னும் கொஞ்சம் தூரம் விட்டேன். அவரே தொடர்ந்தார்:

“உம்மட ஆக்கள் பேசாமல் ஓடினால் எனக்கு வாறது கோபம் இல்லை, ட்ரைவர். பயம்.”

சுப்பர்வைசர் ஏறிய நாள்

இதெல்லாம் கந்தோருக்குத் தெரியாதே. பழைய முறைப்பாடுகளைத் தீர்க்க வேண்டும் என்று, சுப்பர்வைசர் லிண்டா ஒருநாள் எங்களோடு கூட வருவதாக அறிவித்தா. ஆளைத் தொடர்ந்து ஏற்றலாமா, நிறுத்துவதா என்று அன்றைக்கு முடிவு. முதல் நாளே ஹெல்முட்டிடம் சொல்லிவிட்டேன்: “நாளைக்கு ஒருநாள் வாயைத் திறக்காதையுங்கோ. உங்களுக்காகத்தான் சொல்லுறன்.” அவர் ஓம் என்று தலையாட்டினார்.

மனுஷர் சொன்னபடியே இருந்தார். கழுத்தில் ரை கட்டி, தலை சீவி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தார். லிண்டா அவருக்குப் பக்கத்தில். கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியில் வேர்வை. ஒரு லொறி எங்களை ஒட்டிக்கொண்டு போனபோது கண்ணை மூடிக்கொண்டார். இப்படியே ஒஷாவா வரையில் இந்த மனுஷனைக் கொண்டுபோக வேண்டுமா என்று எனக்கு மனம் கேட்கவில்லை. வேலை போனால் போகட்டும், லொறி ஓடியவனுக்கு இந்த ஊரில் வேறு வேலை கிடைக்காதா என்ன! உரத்துக் கேட்டேன்: “கொமாண்டர், இடது பக்கம் எப்பிடி?”

அவர் கண்ணைத் திறந்தார். லிண்டாவைப் பார்த்தார். பிறகு, “இடது வெளி. வரலாம்” என்றார். “வாறன், ஓம்!” என்றேன் நான். அதற்குப் பிறகு நேர்சிங் ஹோம் வரும்வரை இரண்டு பேரும் வழக்கம்போலத்தான். அங்கே உறைபனியில் சறுக்குகிற முற்றத்தில், குப்பைத் தொட்டிக்கும் ஒரு அம்புலன்ஸுக்கும் இடையில் வானைப் பின்னுக்கு எடுக்க வேண்டியிருந்தது. கொமாண்டர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஊசியில் நூல் கோர்த்த மாதிரி உள்ளே விட்டேன். லிண்டா சீற் பெல்ற்றைக் கழற்றிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னா:

“இவரை நிற்பாட்ட ஏலாது. நிற்பாட்டினால் உனக்கு வழி சொல்ல வேறை ஆளை நான் எங்கை தேடுறது?”

இல்சா

வழக்கமாக நான் வாசலோடு திரும்பிவிடுவேன். அன்றைக்கு கொமாண்டர் விடவில்லை, உள்ளே வா என்றார். வெற்றி விழா என்று நினைத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். இல்சா யன்னலடியில் இருந்தா. வெள்ளைத் தலை அழகாக வாரியிருந்தது, தோளில் நீலச் சால்வை. கணவர் கிட்டே போனதும் ஒரு அந்நியரைப் பார்க்கிற மரியாதையோடு தலையசைத்தா. அவர் தன்னை யாரென்று சொல்லவில்லை. சொன்னால் அவ பயந்து அழுவா என்று நேர்ஸ் எனக்குப் பிறகு சொன்னா. இத்தனை நாளும் 401 முழுவதும் கத்திக் கத்தி மனுஷர் வந்து சேர்ந்தது, இப்படி யாரோ ஒருவராகப் பக்கத்தில் இருப்பதற்குத்தான்.

அவர் என்னைக் காட்டி, நெஞ்சை நிமிர்த்தி, “இது என்ரை ட்ரைவர். நல்ல திறமான ட்ரைவர்” என்றார். என் கந்தோர் என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இல்சா என்னை ஏற இறங்கப் பார்த்தா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, உடைந்த இங்கிலிசில், மெதுவாக, எனக்கு மட்டும் சொன்னா:

“அப்ப ஒரு உதவி செய்யும். என்ரை மனுசன் இண்டைக்கு என்னைப் பார்க்க வாறார், வீதியெல்லாம் சறுக்குது. அவரைக் கவனமாக் கூட்டிக்கொண்டு வாரும்.”

நான் வழக்கம்போல “ஓம்” என்றேன். ஒரு குண்டும் சுடாமல், ஒரு மதிலும் இடிக்காமல், ஸ்காபரோவில் இருந்து ஒஷாவா வரை ஒரு டாங்கியை ஒழுங்காக ஓட்டி முடித்தவன் என்று என்னை நானே புகழ்ந்துகொள்வதில் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.