வாவித் தண்ணியில் வளர்த்த பவளம்

கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது என் கணவர், கண்ணாடித் தொட்டியில் தான் வளர்த்த பவளத்தை என்னிடம் விட்டுப் போனார். கிழமைக்கு ஒருக்கா கடல்தண்ணி மாற்ற வேண்டும். இறாலை மசித்து, அது விரிக்கும் குட்டிக்குட்டி வாய்களில் சொட்டுச்சொட்டாக விட வேண்டும்.

நாட்டில் நடந்த சண்டையில் கடற்கரைக்குப் போகத் தடை வந்தது. கடலோடு சேருகிற வாவியும் உப்புத்தானே என்று அந்தத் தண்ணியை அள்ளி ஊற்றினேன். கோடையில் தாக்குப்பிடித்தது. மாரி மழையில் வாவி நல்லதண்ணியாகிவிடும் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? மடைச்சி, யோசிக்காமல் ஊற்றினேன். இரண்டே நாளில் பவளம் சுண்ணாம்பாய் வெளுத்துச் செத்தது.

“பவளம் விரியுதா?” என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டார்.

“ஓம், விரியுது. வந்து பாருங்க” என்றே எழுதினேன். அவர் திரும்பி வர ஒரு காரணத்தையாவது நான் உயிரோடு வைத்திருக்க வேண்டாமா?