பதினொன்றரை வினாடியும் ஒரு பின் இருக்கையும்

11.50 வினாடி. கால் மைல் தூரத்தை ஒரு கார் இதைவிடக் குறைந்த நேரத்தில் கடந்தால் அதற்குள் ரோல் பார் இருந்தாக வேண்டும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கூரையை ஒட்டி வளைந்து, இரண்டு பக்கமும் தரையில் ஊன்றி நிற்கும் கனத்த இரும்புக் குழாய் அது. வண்டி குட்டிக்கரணம் போட்டால் கூரை தலையில் இறங்காமல் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரர்களின் சங்கம் அச்சடித்த விதிப்புத்தகத்தில் பதினான்காம் பக்கத்தில் இது இருக்கிறது.

இந்த எண்ணைத் தொட்டும் தொடாமலும் ஒருவர் ஆறு வருடம் ஓடிக்கொண்டிருந்தார். 11.56, 11.53, 11.61, ஒருமுறை 11.51. ஒரு நாளும் அதற்குக் கீழே இறங்கியதில்லை. சங்கத்தில் அவருக்குப் ‘பதினொன்றரை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

வயது நாற்பத்தொன்பது. வார நாட்களில் குளிர்சாதன மெக்கானிக். இறைச்சிக் கடை, பூக்கடை, மருந்துக் கிடங்கு என்று ஊரில் எங்கெல்லாம் ஆள் நுழைகிற அளவுக்குக் குளிர் அறை இருக்கிறதோ அங்கெல்லாம் அவர் நுழைந்திருப்பார். கொளுத்துகிற வெயிலிலும் கையில் ஸ்வெட்டரோடு அலைகிற ஒரே மனிதர் அவர்தான்.

அவருடைய கார் நீளமான, பழைய குடும்பக் கார். பின்கதவு மேலே தூக்கித் திறக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலில் நிற்கிற வண்டி மாதிரிதான் இருக்கும். பானெட்டைத் திறந்தால் கதை வேறு. பழைய இன்ஜின் செத்துப்போனபோது, உடைசல் கடையில் கிடந்த டர்போ இன்ஜின் ஒன்றைத் தூக்கிவந்து, பதினோரு மாதம் மாலை வேளைகளில் உட்கார்ந்து பொருத்தினார். மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். “புருஷன் எங்கே என்று கேட்டால் பானெட்டுக்குக் கீழே என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது” என்று சிரிப்பார்.

அந்த இன்ஜின் பதினொன்றரைக்கும் கீழே போகும். அது அவருக்குத் தெரியும். கேட்டவர்களிடமெல்லாம், “இதுல அவ்வளவுதாங்க இருக்கு” என்று சொல்லிவைத்திருந்தார்.

பொய் சொன்னதற்குக் காரணம் பின் இருக்கை. அவருடைய மாமியாருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஏழு வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ். போகும்போது உட்கார்ந்து போவார். திரும்பும்போது உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இருக்காது. பின் இருக்கையில் கால் நீட்டிப் படுத்துத்தான் வர வேண்டும். வாடகைக் கார் வைத்துப் பார்த்தார்கள். பாதி வழியில் குமட்டல் வந்த நாளில் அந்த டிரைவர் காட்டிய முகத்துக்குப் பிறகு அது நின்றுபோனது. ரோல் பார் போட்டால் பின் இருக்கை போய்விடும். வாசலில் ஒரு வண்டி நிற்கத்தான் இடம். சம்பளத்திலும் ஒரு வண்டி நிற்கத்தான் இடம்.

மாமியார் மருத்துவமனை மருந்துக் கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருமகன் கல்லீரல் வீங்கி எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில், காலை ஷிப்டுக்குப் போகுமுன் கஞ்சியும் மாலையில் வந்ததும் மருந்தும் அவர் கையால்தான். மகள் கைக்குழந்தையோடு திண்டாடிய வருடம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ சண்டை வந்திருக்கிறது; அந்த எட்டு மாதத்தை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் கடன் தீர்ந்த மாதிரி இருந்திருக்கும் என்பார் பதினொன்றரை.

ஆகவே ஞாயிறுதோறும் அவர் செய்தது இதுதான். பழைய விமான ஓடுதளத்தில் கோடு போட்டு வைத்த பாதை. விளக்கு பச்சையானதும் ஒரே அழுத்து. முடிவுக் கோட்டுக்கு முன்னால் ஓரத்தில் வரிசையாக விளக்குக் கம்பங்கள். கடைசிக்கு முந்திய கம்பம் கண்ணில் பட்டதும் வலது கால் தானாக மேலே வந்துவிடும். வண்டியின் மூக்கு லேசாகத் தாழும். மிச்சத் தூரத்தை வண்டி உருண்டே கடக்கும். அப்படியும் சில நாள் ஜெயித்துவிடுவார்.

ஓடுவதற்கு முன்னால் பரிசோதனை. அதற்குப் பொறுப்பானவர் வார நாட்களில் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஞாயிற்றுக்கிழமை கையில் டார்ச்சோடு வந்தால் ‘டார்ச் மேடம்’. ஹெல்மெட்டின் தேதி, பெல்ட்டின் தேதி, பேட்டரி அசைகிறதா, ஆக்ஸிலரேட்டரை விட்டால் துள்ளித் திரும்புகிறதா, எல்லாம் கையால் தொட்டுப் பார்ப்பார். முதல் வருடம் பதினொன்றரையை ஒன்பது முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். ரேடியேட்டர் தண்ணீர் பொங்கினால் பாதையில் சிந்தாமல் பிடிக்க ஒரு பாட்டில் கட்ட வேண்டும் என்றபோது, இவர் மாமியாரின் இருமல் மருந்து பாட்டிலைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு போனார். இது இருமலுக்குக் காணும், இன்ஜினுக்குக் காணாது என்று மேடம் அனுப்பிவைத்தார். இவருக்குக் கோபம் வரவில்லை. வாயு உருளைகளோடு பிழைக்கிறவர். விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

வண்டிக்குள் கழன்று கிடக்கிற பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது என்பதும் விதி. எனவே சனிக்கிழமை மாலை தலையணை, போர்வை, குமட்டினால் பிடிக்கும் கிண்ணம் எல்லாம் வீட்டுக்குள் போய்விடும். ஒரு ஞாயிறு பின் இருக்கையின் இடுக்கிலிருந்து மேடம் ஒரு ஸ்பூனை எடுத்தார். மருந்து ஊற்றும் ஸ்பூன். காகிதத்தில் சுற்றி, “வீட்டுல தேடுவாங்க” என்று கொடுத்தார். அவ்வளவுதான்.

போன மாதம் ஆண்டுப் போட்டி. அரை இறுதியில் எதிரே ஒரு தச்சர். முந்தைய நாள் மழை பெய்து, காற்று சில்லென்று இருந்தது. குளிர்ந்த காற்று அடர்த்தியாக உள்ளே போகும், இன்ஜினுக்கு அது விருந்து. குளிரிலேயே பிழைப்பு நடத்துகிறவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். பாதித் தூரம்வரை தச்சரின் முன்சக்கரம் பக்கத்திலேயே வந்தது. கடைசிக்கு முந்திய கம்பம் வந்தது, போனது. நேரம் காட்டும் பலகையில் 11.38 என்று விழுந்தது.

ஜெயித்தவர் வண்டியைத் திருப்பி மெல்ல ஓட்டிவந்தபோது கை தட்டினார்கள். பரிசோதனைக் கொட்டகையின் வாசலில் டார்ச் மேடம் சிவப்பு அட்டையோடு நின்றார். அந்த ஓட்டம் செல்லாது, இறுதிக்குத் தச்சர் போவார், ரோல் பார் இல்லாமல் இந்த வண்டி இனி இந்தப் பாதையில் இறங்கக் கூடாது. சொல்லிவிட்டு, குறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அட்டையைக் கட்ட வேண்டும் என்ற வழக்கப்படி, பின் இருக்கைக்கு மேலே உள்ள கைப்பிடியில் கட்டினார்.

குளிர் இப்படிச் செய்துவிட்டது என்றார் பதினொன்றரை.

“ஆறு வருஷமா உங்க வண்டி மூக்கு எங்க தாழும்னு பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்” என்றார் மேடம். “இன்னிக்குத் தாழலை. இங்க வர்றவங்க எல்லாருமே என்கிட்ட பொய் சொல்றவங்கதான். மெதுவா போறதுக்காகப் பொய் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

வீட்டில், தோற்றுவிட்டேன் என்று மட்டும் சொன்னார். அட்டை முத்திரை வைத்துக் கட்டியது. மேடம்தான் அவிழ்க்க வேண்டும்.

திங்கட்கிழமை டயாலிசிஸ் முடிந்து மாமியாரைத் தாங்கிப்பிடித்துப் பின் இருக்கையில் படுக்கவைத்துக் கிளம்பினார். மூன்றாவது சிக்னலில் பின்னாலிருந்து குரல் வந்தது.

“மாப்ளே, இது என்ன தலைக்கு மேல ஆடுது?”

“அது சங்கத்து அட்டை, அத்தை. நீங்க தூங்குங்க.”

“படிச்சுட்டேன். பதினொன்று புள்ளி முப்பத்தெட்டு, பார் போடாம ஓடக் கூடாதுன்னு போட்டிருக்கு. பார்னா என்ன?”

அவர் சொன்னார். கண்ணாடியில் பார்த்தால் மாமியாரின் முகம் தெரியவில்லை. போர்வையின் மேடும் ஆடுகிற சிவப்பு அட்டையும்தான் தெரிந்தன. எங்கே ஊன்றும் என்று கேட்டார். அதற்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. முப்பது வருடம் மருந்துக் கணக்கில் ஒரு மாத்திரை இடிக்கிறது என்றால் ராத்திரி தூங்காத பெண்மணி. இரண்டு நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

“ஆறு வருஷமா எனக்காகவா காலைத் தூக்கினீங்க?”

“உங்களுக்காக இல்லை அத்தை. சீட்டுக்காக.”

“சீட்டுல யாரு படுத்திருக்கா, பக்கத்து வீட்டுக்காரியா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. மாமியாரும் சிரிக்கப் பார்த்து இருமினார். கிண்ணம் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். பிறகு, நேற்று ஏன் தூக்கவில்லை என்று கேட்டார்.

“தெரியலை அத்தை. அந்தக் கடைசித் துண்டு எப்படி இருக்கும்னு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நேத்து பார்த்துட்டேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு.” பிறகு சேர்த்துக்கொண்டார். “போதும் அத்தை. அதோட போதும்.”

போதுமா இல்லையா என்பதை மாமியார் அவரிடம் கேட்டு முடிவு செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை உடம்பு கொஞ்சம் தெளிகிற நாள். மருமகன் வேலைக்குப் போன பிறகு, வண்டியில் அட்டையைப் படித்தபோதே மனப்பாடமாகிவிட்ட சங்கத்து எண்ணுக்குப் போன் போட்டு டார்ச் மேடத்தைப் பிடித்தார். என்ன பேசினார்கள் என்பது முழுதாக யாருக்கும் தெரியாது. நாற்பது நிமிடம் பேசியதாக மகள் சொன்னார். ஸ்பூன் கிடைத்ததற்கு நன்றி சொன்னது மட்டும் மகள் காதில் விழுந்திருக்கிறது.

வியாழக்கிழமை மாலை பதினொன்றரை வீடு திரும்பியபோது அவருடைய காரின் பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே டேப்போடு டார்ச் மேடம் மண்டி போட்டிருந்தார். வாசலில் நாற்காலி போட்டு மாமியார் அளவுகளை எழுதிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பதினான்காம் பக்கத்தைத் திருப்பினால், பதினைந்தாம் பக்கம் ரோல் பாரை வெல்டிங் செய்யலாம், அல்லது போல்ட் போடலாம் என்கிறது. போல்ட் என்றால் தரைத் தகட்டுக்கு மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் நான்கு போல்ட். முன்னால் இரண்டு ஊன்றல், பின்னால் இரண்டு. மொத்தம் பதினாறு. ஞாயிற்றுக்கிழமை அது இறுக்கமாக நிற்க வேண்டும் என்று விதி சொல்கிறது. திங்கட்கிழமை நிற்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. சின்னக் காராக இருந்தால் உள்ளே போன பார் வெளியே வராது. இந்த வண்டிக்குப் பின்கதவு பெரிது. சாய்த்துப் பிடித்தால் முழுசாக வந்துவிடும். சனிக்கிழமை சீட்டைக் கழற்றிப் பாரை மாட்டலாம். ஞாயிறு மாலை பாரைக் கழற்றிச் சீட்டை மாட்டலாம்.

மேடம் ஒன்றை மட்டும் கறாராகச் சொன்னார். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது, குழாய் இல்லாததைவிட ஆபத்து. எனவே வாரநாளில் ஒரு நாளும் அது வண்டியில் இருக்கக் கூடாது. குழாயின் தகடு போதிய கனமா என்று தானே ஓட்டை போட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் பதினாறு போல்ட்டையும் மறுபடி சோதிப்பார். சோதித்ததற்கு அடையாளமாக மஞ்சள் பெயிண்டால் கோடு போடுவார்.

பதினொன்றரை பதினைந்தாம் பக்கத்தை வாங்கிப் படித்தார். அந்தப் புத்தகம் ஆறு வருடமாக அவர் டூல் பெட்டியில்தான் இருந்தது. பதினான்காம் பக்கத்தோடு நிறுத்திவிட்டிருந்தார்.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, மேடம்.”

“நீங்க கேட்டீங்களா? இதுல அவ்வளவுதாங்க இருக்குன்னு சொல்லிட்டீங்க. இல்லாத வேகத்துக்கு நான் எதுக்குப் பார் சொல்றது?”

நன்றி சொல்ல வாயெடுத்தார்; அது சரியாக வரவில்லை. எட்டு மாதப் படுக்கை, ஒன்பது முறை திருப்பி அனுப்பியது, காகிதத்தில் சுற்றிய ஸ்பூன் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தால் அப்படித்தான் ஆகும். “ஏதாவது குடிக்கிறீங்களா” என்று மட்டும் கேட்டார். மனைவி, “இப்பதான் ரெண்டு தடவை குடிச்சாங்க, நீங்க வந்து டார்ச்சைப் பிடிங்க” என்றார்.

பார் மூன்று வாரத்தில் தயாரானது. கேட் செய்கிற பட்டறையில் வளைத்தது. தச்சர் தானாகவே வந்து தூக்கிப் பிடித்தார். இறுதிப் போட்டியில் தோற்றுவிட்டதால் மனம் இளகியிருந்ததாகச் சொல்லிக்கொண்டார். போல்ட்டுகளை மாமியார் எடுத்துக்கொண்டார். தம்முடைய பழைய மாத்திரை டப்பாவில், அறைக்கு ஒன்றாக, எது எந்த ஊன்றலுக்கு என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். கழற்றுகிற ஒவ்வொன்றையும் அவர் கையில் கொடுத்தாக வேண்டும். எண்ணி முடிக்காமல் யாரும் கை கழுவப் போகக் கூடாது.

போன சனிக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். மாட்ட மூன்று மணி பத்து நிமிடம். கழற்றிச் சீட்டைப் போட இரண்டு மணி இருபது நிமிடம். ஒரு போல்ட்டும் குறையவில்லை. திங்கட்கிழமை காலை ஐந்தே காலுக்கு மாமியார் வழக்கம்போல் வண்டியில் ஏறினார். திரும்பும்போது வழக்கம்போல் படுத்துக்கொண்டு வந்தார்.

சிவப்பு அட்டை இன்னும் கைப்பிடியில்தான் தொங்குகிறது. பாரோடு வண்டி முதல் முறையாகப் பரிசோதனைக்கு வரும்போது டார்ச் மேடம் அதை அறுப்பார். அடுத்த போட்டி பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பரிசோதனை காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது.