கைகழுவும் தொட்டி

நாரின் என்ற மலையூரின் பிரசவ ஆஸ்பத்திரியில், பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் நர்சு சைகாலின் குரல்தான் கேட்கும். "கையக் கழுவு. மோதிரத்தக் கழட்டிட்டுக் கழுவு." பெரிய டாக்டருக்கும் அதே அதட்டல்தான். கூட வேலை பார்த்த ஜிப்பார் அவளுக்குத் 'தண்ணிப் போலீஸ்' என்று பெயர் வைத்திருந்தாள். சைகால் கோபித்துக்கொண்டதில்லை. வேலைக்கு வந்த புதிதில், குறைமாதப் பிள்ளைகள் காய்ச்சல்கூடக் காட்டாமல் சாம்பல் நிறமாகிச் செத்ததைப் பார்த்தவள் அவள். அன்று பிடித்த பயம் அவளை விடவே இல்லை.

அந்தப் பனிக்காலத்தில் முதலில் சுருண்டது ஒரு மேய்ப்பன் வீட்டு ஆண் பிள்ளை. வயிறு உப்பியது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. வழக்கமான ஊசியைப் போட்டார்கள். பிறகு அதைவிட வீரியமானதைப் போட்டார்கள். ஒன்றும் எடுபடவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து வருவதற்குள் பிள்ளை போய்விட்டான்.

முடிவைப் படித்த டாக்டர் எசென் நேரே சைகாலிடம் வந்தார்.

"அக்கா, நம்ம அலமாரில இருக்கிற எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி சாகாது."

"அப்ப என்ன செய்யிறது?"

"பழைய மருந்து ஒண்ணு இருக்கு. சிறுநீரகத்தக் கெடுக்கும்னு ஓரங்கட்டினது. பிஷ்கேக்ல கேட்டிருக்கேன்."

வழியிலிருந்த மலைக் கணவாயில் பனி மூடிக் கிடந்தது. மருந்து வண்டி அந்தப் பக்கம் நின்றது. அதற்குள் ஜன்னலோர இன்குபேட்டரில் இருந்த, பெர்மெத் என்ற இளம் தாயின் மகளும் நிறம் மாறத் தொடங்கினாள்.

"இந்தக் கிருமி புள்ளைக்குப் புள்ள தானா நடந்து போகாது," என்றார் எசென். "எங்கேருந்தோ நாமதான் கொண்டு போறோம்." எல்லோர் கையையும், மேசையையும், குழாயையும், தொட்டியையும் பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

வீட்டில் மாவு பிசைய உட்கார்ந்த சைகால் தன் கைகளையே வெறித்துப் பார்த்தாள்.

"என்னடி, மாவு உன்னக் கடிக்குதா?" என்று சீண்டினான் கணவன்.

"இந்தக் கைதான் அந்தப் புள்ளயக் கொன்னுச்சோ என்னவோ."

அவன் சிரிப்பு நின்றுபோனது. மாவுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

வேலைக்குப் போனால் அங்கே பெர்மெத் கதவோரம் நின்றிருப்பாள். "அக்கா, எம்புள்ள பொழைக்குமா? பொய் சொல்லாதீங்க."

"தெரியலம்மா. மருந்து வந்துட்டிருக்கு. நீ கையக் கழுவிட்டு உள்ள வா."

பெர்மெத் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். தண்ணீர் தொட்டியில் விழுந்து மேலே தெறித்தது.

முடிவு வந்தபோது எசென் சைகாலைத் தனியாக அழைத்தார். "யார் கையும் காரணம் இல்லக்கா. தொட்டிதான். தண்ணி வடியற ஓட்டைக்குள்ள கிருமி கூடு கட்டியிருக்கு. குழாயத் திறந்தா தெறிச்சு கையில ஏறுது."

ஒருவரையும் விடாமல் அதட்டி அதட்டி அங்கே நிற்க வைத்தவள் சைகால்தான்.

"உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிருக்கும் அக்கா? எங்க யாருக்குமே தெரியலயே," என்றாள் பிறகு விவரம் கேட்ட ஜிப்பார்.

"நிக்க வச்சது நாந்தானேடி."

அன்றே தொட்டியைப் பெயர்த்தெடுத்தார்கள். சுவரில் ஓட்டை கறுப்பாகத் தெரிந்தது. சிமெண்டு பூசும்வரை சைகால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கைக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஸ்பிரிட் வந்தது. பனியை வாரித் தள்ளி வழி திறந்தபின் மருந்தும் வந்தது. ஊசி ஏறிய பிறகும் பெர்மெத்தின் மகள் நாள்கணக்கில் இங்குமில்லை அங்குமில்லை என்று கிடந்தாள். சிறுநீர் நின்றது, பிறகு சொட்டுச் சொட்டாக வந்தது. பிள்ளை நனைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு சைகால் அழுதாள்.

பனி உருகும் காலத்தில் பெர்மெத் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். சிறுநீரகத்தை மாதாமாதம் பார்க்க வேண்டும் என்றார் எசென்.

அன்று மாலையே ஜன்னலோர இன்குபேட்டருக்கு வேறொரு பிள்ளை வந்தது. சைகால் கைக்கு ஸ்பிரிட் தடவி, காயவிட்டு, மறுபடியும் தடவினாள். பிறகு குனிந்து அதன் உதட்டு நிறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.