பக்கத்து நாற்காலிக்காரர்

கிரேன் ஓட்டும் வேலைக்கு நேர்காணல். வெளியே காத்திருந்தவளுக்குக் கை வெடவெடத்தது. அதே வேலைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு மாத்திரையை நீட்டினார்.

"போட்டுக்கோம்மா, படபடப்பு அடங்கிடும்."

போட்டிக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு கரிசனம் எதற்கு? தூக்க மாத்திரையாக இருந்தால்?

"நீங்க போட்டாச்சாண்ணே?"

"எனக்கெதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றவரின் நெற்றியெல்லாம் வியர்வை.

"அப்புறமா போட்டுக்கறேன்" என்று வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள். அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியையும் திறந்து நீட்டியதும் சந்தேகம் வலுத்துவிட்டது. அவர்மேல் ஒரு கண் வைத்திருந்ததில் தன் பயத்தையே மறந்துபோனாள். உள்ளே கூப்பிட்டபோது கை நடுங்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பட்டுப்பட்டென்று பதில் சொன்னாள்; வேலையும் கிடைத்தது.

அந்த மனுஷன் நல்லவரா, கெட்டவரா என்பதுதான் அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.