திரைக்கு வெளியே போன ‘வேண்டாம்’

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை வேலையிடத்தில் எல்லோரும் ‘மேல்மாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போது தேடினாலும் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் இருப்பார் என்பதால் வந்த பெயர். நாற்பத்தெட்டு வயதில் மொபைல் ஆப் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவர் சொன்னதும் அந்தப் பெயருக்கு இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது. “மேல்மாடிக்கே மேல்மாடி காலி ஆயிடுச்சுப்பா” என்று சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். எதற்காகக் கற்கிறார் என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் அவர் மனைவிக்குப் பேச்சு நின்று அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். அங்கே வாய் ஓயாது. வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. வலது காலும் கையும் பாதிக்குத் திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. மற்றவர்கள் சொல்வது அத்தனையும் புரிந்தது. பக்கத்தில் படம் இருந்தால் சின்னச் சொற்களைப் படிக்கவும் முடிந்தது. வாயைத் திறந்தால் மட்டும் “த… த…” என்பதோடு சரி. தலையாட்டலைக்கூட நம்ப முடியாது. ஆமாம் என்று நினைத்து இல்லையென்று ஆட்டிவிட்டு, தன் தலைமேலேயே கோபப்படுவாள்.

தொட்டால் பேசுகிற ஆப்கள் இல்லாமல் இல்லை. மேல்மாடி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். “எனக்குத் தண்ணீர் அருந்த வேண்டும்” என்றது அது, செய்தி வாசிப்பவர் மாதிரி. அவள் முகத்தைச் சுளித்த சுளிப்பில் அவர் முடிவு செய்துவிட்டார்: வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசுகிற ஒன்றைத் தானே செய்வது. குரலுக்கு அவளுடைய தங்கை இருந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. பகலில் அக்காவுடன் இருப்பவள் அவள்தான். போனில் கேட்டால் அக்காவா தங்கையா என்று அவருக்கே இன்றுவரை குழப்பம்.

சாப்பாட்டு நேரங்களில், மோட்டார் அறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, வீடியோ பாடம் பார்த்துப் பார்த்துக் கற்றார். திரையில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று பிதுங்கும். இடம் போதாமல் பிதுங்கும் ஓரத்தில், சாலையில் பள்ளம் தோண்டினால் கட்டுவார்களே, அந்த மாதிரி மஞ்சள் கறுப்பு வரிகள் தோன்றும். இரண்டு மாதம் அந்த வரிகளோடுதான் குடித்தனம். ஒரு வழியாக அவை மறைந்த அன்று, தங்கை குரலில் பதிவு செய்த பதினாறு பொத்தான்களோடு ஆப் தயார். கடைசி வரிசையில் மூன்று: ஆமா, அப்புறம், வேண்டாம். தன் போனில் ஒவ்வொன்றாக அழுத்தி அவளுக்குக் காட்டிவிட்டு, அவள் போனிலும் ஏற்றிக் கொடுத்தார்.

முதல் இரண்டு நாள் வீடு கலகலப்பாக இருந்தது. “ஃபேனைக் குறை”, “கால் வலிக்குது”, “டிவியை நிறுத்து”. அதிகாரம் தூள் பறந்தது. பிறகு ஏதோ சரியில்லாமல் போயிற்று.

“பால் கொண்டு வரட்டுமா?”

“அப்புறம்” என்றது தங்கையின் குரல்.

அரை மணி கழித்துப் பாலோடு போய் நிற்பார். “அப்புறம்.” மறுபடி சூடாக்கி எடுத்துக்கொண்டு போவார். சொன்ன நேரம் தவறாத மனிதர். போனில் அலாரம்கூட வைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் அவள் “அப்புறம்” என்று அழுத்திவிட்டுப் போனைக் கட்டில்மேல் வீசினாள்.

“உங்க அக்காவுக்கு ஆப் பிடிக்கல போல” என்றார் தங்கையிடம்.

“என்கிட்ட நல்லாத்தான் பேசுறா மாமா. நீங்க எதுக்கு ஒரே விஷயத்தைப் பத்து தடவை கேக்குறீங்க?”

“அவதானே அப்புறம் அப்புறம்னு சொல்றா!”

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தார். “ஆஸ்பத்திரியில உன்கூட வேலை பார்த்தவங்க நாலு பேர் உன்னைப் பார்க்க வரேன்றாங்க. வரச் சொல்லவா?”

“அப்புறம்.”

“அப்ப, சாயங்காலமா?”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடது கையால் அவருடைய சட்டைப் பையிலிருந்து போனை உருவி, அவர் முகத்துக்கு நேரே நீட்டித் திறந்தாள். ஆப்பைத் தேடிக் கண்டுபிடிக்க நேரம் பிடித்தது. கடைசி வரிசையில் விரல் வைத்தாள்.

“வேண்டாம்.”

இரண்டு போன்களையும் போர்வைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தன் போனின் வலது விளிம்பை நகத்தால் டக் டக்கென்று தட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். அவள் திரையில் ‘ஆமா’ இருந்தது, ‘அப்புறம்’ இருந்தது. அதற்குப் பிறகு திரையே முடிந்துவிட்டது.

ஒரு வாரமாக அவள் கையில் இருந்த சொற்களில் மறுப்புக்குக் கிட்டத்தட்ட வரக்கூடிய ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரோ அதைக் கடிகாரத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அவள் முழங்காலைத் தடவிக்கொடுத்தார்.

லிஃப்ட் நின்றால் அவர் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் கை வைக்க மாட்டார். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், அடுத்ததுக்குப் போ. இதிலும் அப்படித்தான் இறங்கினார். திரை அகலம் காரணமா? அவள் போன்தான் ஒரு விரல் அகலம் கூட. சின்னப் போனில் அடங்கியது பெரியதில் ஏன் அடங்கவில்லை? கம்ப்யூட்டரில் அவள் போனின் அளவிலேயே ஒரு திரையை வைத்துப் பார்த்தார். மூன்றும் அழகாக நின்றன. இரண்டு சாயங்காலம் போயின. மூன்றாம் நாள் அவள் போனில் வந்த ஒரு மெசேஜைப் படித்துக் காட்டும்போதுதான் கண்ணில் பட்டது: எழுத்து தன் போனில் இருப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

“இதைப் பெருசாக்கினது யாரு?”

“நான்தான் மாமா” என்றாள் தங்கை. “ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கே. படிக்கச் சிரமப்படுறாளேன்னு. ஏன், தப்பா?”

“நீ செஞ்சது சரி. தப்பு என்னுது.”

தன் போனிலும் எழுத்தைப் பெரிதாக்கினார். செய்து பார்ப்பதற்காக அதில் வைத்திருந்த சோதனை ஆப்பில் மஞ்சள் கறுப்பு வரிகள் உடனே வந்து நின்றன. முடித்துக் கொடுத்த ஆப்பில் அவை வராது என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அதில் இடம் போதாததெல்லாம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டுவிடும்.

முதலில் சுலபமான வழியில் போனார். எழுத்து எவ்வளவு பெரிதானாலும் பொத்தானுக்குள் சுருங்கி அடங்கும்படி செய்தார். மூன்றும் வந்தன. அவள் போனைக் கண்ணருகே கொண்டுபோய், தூரத்தில் பிடித்து, மறுபடி கிட்டத்தில் கொண்டுவந்து, அவரிடமே திருப்பி நீட்டினாள். படிக்க முடியவில்லை. அடுத்து எழுத்தை அவள் விருப்பத்துக்கு விட்டார். பொத்தானின் உயரத்தை மட்டும் விடவில்லை. ‘கதவை மூடு’ என்பதில் கீழே வளையும் கோடுகள் வெட்டுப்பட்டு ‘மூடு’ மொட்டையாக நின்றது. கடைசியில்தான் பொத்தானுக்கு அளவு சொல்வதையே நிறுத்தினார். சொல் எவ்வளவு இடம் கேட்கிறதோ அவ்வளவு பொத்தான் வளரட்டும். வரிசையில் கொள்ளாதது அடுத்த வரிசைக்கு இறங்கட்டும். திரையை மேலே தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கக் கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனால் எதுவும் விடுபடவில்லை.

‘வேண்டாம்’ கிடைத்ததும் அவள் அதைத் தாராளமாகச் செலவழித்தாள். பால் வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் வேண்டாம். வாய் கோணியிருப்பதைக் கண்ணாடியில் பார்த்தவள் அவள், காரணம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை காலை வழக்கம்போலச் சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். அவள் விழுந்த நாளிலிருந்து தலை பின்னுவது அவர் வேலை.

“வேண்டாம்.”

இது அவருக்குச் சுருக்கென்றது. “ஏன்? நான் நல்லாத்தானே பின்னுறேன்?”

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தங்கைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “மாமா, நீங்க பின்னுறது லிஃப்ட் கயிறு முறுக்குற மாதிரி இருக்கு. அவ தலையே தொங்கிடும் போலிருக்கு.”

மனைவி சிரித்தாள், கோணிய வாயோடு, சத்தமாக. பிறகு இடது கையின் இரண்டு விரல்களைக் கத்தரிபோலத் திறந்து மூடி, காதுக்குக் கீழே வைத்துக் காட்டினாள்.

“வெட்டணுமா? இவ்வளவு முடியையுமா?”

“ஆமா.”

“நிஜமாவா?”

“ஆமா. ஆமா.”

அன்று அரை நாள் லீவு போட்டார். முடி வெட்டும் பெண் வீட்டுக்கே வந்தாள். கழுத்து தெரிய வெட்டியதும் மனைவி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்துக்கொண்டாள். புதிதாக ஒரு பொத்தான் போட்டுத் தரவா என்று கேட்டார் மேல்மாடி. என்ன சொல் வேண்டுமென்று அவள் யோசிக்க, அவர் கீழே குந்தி, தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டே காத்திருந்தார்.