மோந்து பார்த்த டீச்சர்

மல்லேஸ்வரத்தில் ஆயுர்வேதச் சமையல் சொல்லிக்கொடுத்த அந்த டீச்சர், கரண்டியை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி மோந்து பார்ப்பார். அவர் வாயில் வைத்து ருசி பார்த்து நான் கண்டதே இல்லை.

அந்த வகுப்பில் பாத்திரம் கழுவும் வேலை எனக்கு. ஒருநாள் கழுவ வந்த கரண்டியைப் பார்த்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அதில் ஒட்டியிருந்த பாசிப்பருப்புக் கிச்சடியில் பருப்பு பாதிதான் வெந்திருந்தது. வயிற்றில் ஆபரேஷன் ஆன அப்பாவுக்கென்று ஒரு பெண் அதை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், பருப்பு வேகல. ஒரு வாய் தின்னு பாருங்க."

"எனக்குப் பருப்பு ஒத்துக்காதும்மா. கேஸ் ஆயிடும்."

"வயித்த அறுத்த மனுஷனுக்கு மட்டும் ஒத்துக்குமா?"

ஆறாவதோடு நின்றவள் டீச்சரையே கேட்டுவிட்டேனே, வேலை போய்விடுமே என்று தோன்றியது. இருந்தும் டப்பாவை வாங்கிக் குக்கரில் கொட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றினேன்.

அவர் கோபிக்கவில்லை. பருப்பு குழைந்ததும் குனிந்து, கண்ணை மூடி மோந்தார்.

"இப்போ சரியா இருக்கு," என்றார்.

மூக்குக்கு அப்போது மட்டும் எப்படித் தெரிந்ததோ. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.