அம்மன் கம்பில் கட்டிய வேப்பிலை

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்.

ஏரியின் வடகோடியில், தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மரக்காட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். குஞ்சுகள் பறக்கிறவரை அந்த இடம் அம்மனுடையது. எங்கள் குப்பத்தார் யாரும் உள்ளே போகமாட்டார்கள். அதன் வாயில் ஒரு கம்பு நட்டு, பூசை செய்த வேப்பிலையை மஞ்சள் துணியில் முடிந்து கட்டியிருப்பார்கள். அது இருக்கும்வரை தாண்டுவதில்லை என்று கோட்டைக்காரர்களும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் என் தம்பிக்கு விடாத காய்ச்சல். அம்மா வைத்த வேப்பிலைக்கெல்லாம் இறங்கவில்லை. வாசல் மரத்து இலைக்கு என்ன சக்தி, அம்மன் கம்பில் இருப்பதல்லவா மருந்து என்று என் புத்திக்குப் பட்டது. நைனாவுக்கு வடக்கே வலை விடும் முறை வந்த அன்று அடம்பிடித்துத் தோணியில் ஏறிக்கொண்டேன். அவர் இடுப்பளவுத் தண்ணீரில் முதுகைக் காட்டி வலை விட்டுக்கொண்டிருந்தார். தோணி கம்பை உரசியது. முடிச்சை அவிழ்த்துப் பாவாடையில் மறைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் தம்பியின் தலைமாட்டில் வைத்தேன்.

மறுநாள் காலை வடக்கே துப்பாக்கிச் சத்தம். கோட்டைக்காரர்கள் படகு நிறையச் சுட்டுக்கொண்டு போனார்கள். தப்பிய பறவைகள் கூட்டுக்குத் திரும்பவில்லை. குஞ்சுகள் கத்துவதை வாடைக்காற்று இரண்டு நாள் கொண்டுவந்தது. மூன்றாம் நாள் அதுவும் இல்லை.

கேட்கப்போனவர்களிடம், கம்பில் இலையே இல்லையே என்றாராம், கோட்டைக்காரர்கள் பேச்சை நம் பேச்சில் சொல்லும் துபாஷி. உடனே குப்பமே எங்கள் வாசலுக்கு வந்தது.

"இன்னாபா, அன்னிக்கு வடக்க போனவன் நீ ஒருத்தன்தான். கம்புல இருந்தத தொட்டியா?" என்றார் தலையாரி.

இல்லை என்று சொல்லத்தான் நைனா வாயெடுத்தார். உள்ளே தம்பி முனகினான். திரும்பிப் பார்த்தார். தலைமாட்டில் மஞ்சள் துணி. பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தான் அவுத்தேன். புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல."

"அம்மன் புள்ளைங்கள கொன்னு ஒம் புள்ளய எழுப்பிக்கினியா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். அந்த வருஷம் முழுக்க நைனாவுக்கு வலை விடும் முறை கிடையாது என்று தீர்ப்பாயிற்று.

தம்பி பிழைத்தான். அந்த மரங்களில் மறுபடி ஒரு கூட்டை நான் பார்க்கவில்லை. இன்றும் அம்மன் முன் விளக்கேற்றும்போது முதலில் அந்தக் குஞ்சுகளுக்காகத்தான் கும்பிடுகிறேன்.

அப்போதோ, நைனா ஏரிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். ஊரார் வலைகளின் கிழிசலைத் தைத்துக்கொண்டு, எங்களோடு சோழி விளையாடினார். தம்பியையும் எழுப்பி, நைனாவையும் வீட்டிலேயே இருக்கவைத்தாயே தாயே என்று, நான் தினமும் அம்மனுக்கு நன்றி சொன்னேன்.